பழைய அவுட்போர்டு மோட்டாரின் தண்ணீர் பம்பைச் சோதிப்பது எப்படி?

படகின் பின்னால் மாட்டி ஓட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கிறார்கள், அப்புறம் கார்புரேட்டரைக் கழுவுகிறார்கள், கயிறு இழுத்து ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைக்கே கொண்டுபோய்ப் படகின் பின்பலகையில் மாட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பம்பை யாரும் நினைப்பதில்லை. அது வெளியே தெரியாது. தண்ணீருக்குள் இறங்குகிற நீண்ட பகுதியை மோட்டாரின் கால் என்பார்கள். அந்தக் காலுக்கு உள்ளே, கியர் பாக்ஸின் தலைமேல், ஒரு சிறிய கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பழைய மோட்டார்களைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். ஸ்பார்க் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, அவ்வளவுதான், நஷ்டம் ஒன்றுமில்லை. பம்பு இல்லாவிட்டாலோ மோட்டார் நன்றாக ஓடும், சில நிமிடம் ஓடும், அப்புறம் பிஸ்டன் பிடித்துவிடும்.

இதை முதன்முதலாகச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பம்பு என்ன செய்கிறது என்று புரிந்தால் சோதனை தானாகவே புரியும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

காரில் ரேடியேட்டர் இருக்கிறது, பைக்கில் காற்று அடிக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டில் இரண்டும் இல்லை. படகு மிதக்கிற தண்ணீரையே கீழிருந்து உறிஞ்சி, மேலே சிலிண்டரைச் சுற்றி ஓட்டி, சூட்டை ஏற்றிக்கொண்டு, புகை போகிற வழியாகவே திரும்ப ஆற்றில் விட்டுவிடும். அந்த ஓட்டம் நின்றுவிட்டால் கையிருப்பு என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடையாது. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுக்கல் கொடுக்கிறது. சிலிண்டரை மூடியிருக்கிற ஹெட்டு சூடேறினால் அந்த எண்ணெய்ப் படலம் போய்விடும், அலுமினிய பிஸ்டன் இரும்புச் சுவரைவிட அதிகமாக விரியும், இரண்டும் உரசிக் கீறி, கடைசியில் நின்றே போகும். புது மோட்டார்களில் சூடு அதிகமானால் அலாரம் அடிக்கும், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 1950, 60, 70களின் சிறிய மோட்டார்களில் அதெல்லாம் இல்லை. ஓட்டுகிறவர்தான் அலாரம்.

பம்புக்குள் என்ன நடக்கிறது

கியர் பாக்ஸின் மேல் ஒரு வட்டக் கிண்ணம். அதற்குள் ரப்பரால் செய்த இம்பெல்லர், சக்கரத்துக்கு இருப்பது மாதிரி நடுவில் ஒரு குடம், சுற்றிலும் ஐந்தாறு இதழ்கள். மோட்டாரிலிருந்து கீழே இறங்குகிற டிரைவ் ஷாஃப்ட் அந்தக் குடத்தின் நடுவே போகிறது, கீ என்கிற சின்ன உலோகத் துண்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. மோட்டார் சுற்றினால் இம்பெல்லரும் சுற்றும். கியரைப் போட்டாலும் போடாவிட்டாலும் சுற்றும்.

சூட்சுமம் எங்கே என்றால், ஷாஃப்ட் கிண்ணத்தின் நடுமையத்தில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரு பக்கம் இதழ்கள் சுவரில் முட்டி மடங்கிப் போகும், எதிர்ப்பக்கம் இடம் கிடைத்து நிமிரும். இதழ் நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு நடுவே இடம் பெரிதாகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. மடங்கும்போது இடம் சுருங்குகிறது, தண்ணீர் வெளியே பிதுங்கி மேலே போகிற குழாயில் ஏறுகிறது. மெதுவான வேகத்தில் பம்பு இப்படித்தான் வேலை செய்கிறது.

வேகம் கூடினால் கதை மாறும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றும்போது இதழ்களால் சுவரை முழுக்கத் தொட்டுக்கொண்டே போக முடியாது. எதிரே இருக்கிற தண்ணீரின் அழுத்தம் அவற்றை உள்ளே மடக்கிவிடும். அப்போது அது தண்ணீரைச் சுழற்றி வீசுகிற சாதாரண இம்பெல்லர் மாதிரி ஆகிவிடுகிறது. சோதனையின் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது, அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரப்பர் நன்றாக இருக்கிறதா என்பதை மெதுவான வேகம் சொல்லும், தண்ணீர் போகிற வழி நன்றாக இருக்கிறதா என்பதை அதிக வேகம் சொல்லும்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குப் பம்புசெட் தெரியும். ஃபுட்வால்வு கசிந்து குழாயில் காற்று பிடித்துவிட்டால் மோட்டார் சும்மா சுற்றும், தண்ணீர் ஏறாது, மேலே குடத்தால் ஊற்றி நிரப்பினால்தான் பிடிக்கும். அதற்குள் இருப்பது சுவரைத் தொடாத கெட்டியான இம்பெல்லர், அதனால் காற்றை இழுக்கத் தெரியாது. அவுட்போர்டின் ரப்பர் இதழ் சுவரைத் தொட்டுக்கொண்டு போவதால் கொஞ்சம் காற்றையும் இழுத்துத் தள்ளிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த ரப்பருக்கு வழுக்கல் கொடுப்பது தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அரை நிமிடம்கூடத் தாங்காது, இதழ்களின் நுனி கருகிவிடும். “சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம்” என்று ஸ்டாண்டில் மாட்டிக் காய்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்கிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விற்கிறவர் அப்படி ஓட்டிக் காட்டினால், இம்பெல்லர் புதிதாக மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

உங்கள் மோட்டார் எந்த வகை?

சோதிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லாப் பழைய மோட்டாரிலும் ரப்பர் இம்பெல்லர் இல்லை. 1909இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரிலிருந்து கணக்கெடுத்தால் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, வழிகள் பல மாறியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜான்சன் மாடல்கள் சிலவற்றில் தனியாகப் பம்பே கிடையாது. புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற தண்ணீரின் அழுத்தமும் முன்னால் உண்டாகிற இழுப்பும் சேர்ந்து தண்ணீரை மேலே ஏற்றும். அவற்றில் புரொப்பெல்லர் சுற்றினால்தான் தண்ணீர் வரும், அதைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் ஒரு சொட்டும் வராது, பயந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் சீகல் என்ற கம்பெனியின் மோட்டாரில் இருப்பது வளையாத கெட்டி இம்பெல்லர், நம் பம்புசெட்டின் சாதி. அது காற்றை இழுக்காது, பம்பு முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். போருக்குப் பிந்தைய ஜான்சன், எவின்ரூட், அப்புறம் 1960இல் முதல் அவுட்போர்டைக் கொண்டுவந்த யமஹா என்று நம் கைக்கு வரக்கூடிய மற்றவை அநேகமாக எல்லாமே ரப்பர்தான். இனி சொல்வதெல்லாம் அவற்றுக்கே.

இன்னொரு விஷயம். இன்றைய மோட்டாரில் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். பழைய மோட்டார்கள் பலவற்றில் அந்த ஓட்டையே கிடையாது. அவற்றில் காலின் பின்பக்கம், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற புகை ஓட்டைகளில் புகையோடு சேர்ந்து தூறல் மாதிரித் தண்ணீர் தெறிக்கும். “தண்ணியே வரலையே அண்ணே” என்று பதறுகிறவர்களில் பாதிப் பேர் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். உள்ளங்கையை அந்தப் புகை ஓட்டைக்கு எதிரே ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், கை நனையும்.

பேரலில் வைத்து ஓட்டுவது

200 லிட்டர் பேரல் ஒன்றின் மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பை நன்றாகத் தட்டி மழுக்கி, ஓரத்தில் கெட்டியான பலகை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கினால் மோட்டாரை மாட்ட இடம் தயார். இந்த ஏற்பாடு பத்துப் பதினைந்து குதிரைத்திறன் வரைக்கும் சரி, பெரிய மோட்டாரென்றால் நேராகப் படகில் மாட்டிக் கரையில் கட்டிவைத்துப் பார்ப்பதே நல்லது. தோட்டக் குழாயில் மாட்டி, தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் காதுமூடி போன்ற சாமான் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பழைய மோட்டார்களில் பலவற்றின் துவாரம் அதற்குப் பொருந்தாத இடத்தில் இருக்கும். பொருந்தினாலும் குழாயின் அழுத்தமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும், பம்பு இழுக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். சோதனைக்குப் பேரல்தான் நேர்மையானது.

தண்ணீர் எவ்வளவு? புரொப்பெல்லருக்கு மேலே விசிறி மாதிரித் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிற தகட்டை நம் மெக்கானிக்குகள் கேவிடேஷன் பிளேட் என்பார்கள். பம்பு அதற்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் அந்தத் தகடு மூழ்கி, அதற்கு மேலும் ஒரு முழங்கை நீளத்தில் பாதியாவது தண்ணீர் நிற்க வேண்டும். உறிஞ்சும் துவாரம் மூழ்கினால் போதும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தேய்ந்த பம்பு அந்த உயரத்தை ஏற்ற முடியாமல் காய்ந்தே சுற்றும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர்த் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதில் ஓட்டுவதால் சோதனைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் முடித்துவிட்டு நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓட்டிக் கழுவ வேண்டும். வாய்க்காலில் இறைக்கிறீர்கள் என்றால் துணி கட்டி வடிகட்டுங்கள். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்த முதல் சில நாளில் வாய்க்காலில் ஓடுவது தண்ணீரா வண்டலா என்று பிரிக்க முடியாது, அதைப் பேரலில் ஊற்றி நீங்களே பம்புக்குள் மண் அனுப்ப வேண்டாம்.

புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டுமல்ல. கியரில் போட்டால் சின்னப் பேரலுக்குள் தண்ணீர் கலங்கி நுரைக்கும், புகைக் குமிழியெல்லாம் உறிஞ்சும் துவாரத்துக்குள் போகும், பம்பு காற்றைக் குடித்துத் தடுமாறும். நல்ல பம்பைக் கெட்டது என்று தீர்மானித்துப் பிரித்துப் போடுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நியூட்ரலில் கொஞ்சமாகத் திராட்டில் கொடுத்தாலே நமக்கு வேண்டியது தெரிந்துவிடும். அப்புறம், திறந்தவெளியில் செய்யுங்கள், கீற்றுக் கொட்டகைக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ வேண்டாம், அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மேல்மூடி திறந்த பழைய மோட்டாரில் ஃபிளைவீல் என்கிற கனமான சக்கரம் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். துண்டு, லுங்கி நுனி, தொங்குகிற சட்டைக் கை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். மெதுவான வேகத்தில் விட்டுவிட்டு நின்று பாருங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் தெரிய வேண்டும். தெரியவில்லையா, லேசாக வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் வருகிறது, குறைத்தால் நிற்கிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது இதழ்கள் மடங்கியபடியே விறைத்துப்போயிருக்கின்றன. ரப்பர் சுவரைத் தொடவில்லை, அதனால் மெதுவான வேகத்தில் உறிஞ்ச முடியவில்லை. வேகத்தில் வீசி எறிகிற வேலை மட்டும் நடக்கிறது. ஆற்றில் இது எப்போது மாட்டிவிடும் என்றால், முத்துப்பேட்டை அலையாத்திக்குள் குறுகிய வாய்க்காலில் மெதுவாக ஊர்ந்து போகும்போது. கடலில் முழுவேகத்தில் போகும்போது எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

இதற்கு நேர் எதிர், மெதுவாக ஓடும்போது நன்றாக வருகிறது, வேகம் கூட்டினால் தண்ணீர் கூடவில்லை அல்லது குறைகிறது. அப்போது இம்பெல்லரைத் திட்டாதீர்கள். உறிஞ்சும் துவாரத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் அது ஆகாயத்தாமரை வேராக இருக்கலாம், கேரி பேக் துண்டாக இருக்கலாம், உப்புத் தண்ணீரில் கிடந்த மோட்டார் என்றால் ஒட்டுச்சிப்பியாகவே இருக்கலாம். அல்லது மேலே போகிற குழாயின் இணைப்பில் கசிவு. முதலில் அதைப் பாருங்கள், பைசா செலவில்லை.

ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், அப்புறம் யோசியுங்கள். தண்ணீர் காட்டுகிற அந்தச் சின்ன ஓட்டை உள்ள மோட்டார் என்றால், பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையை உருவி அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள். உப்பும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும், பம்பின்மேல் தப்பே இருக்காது.

தண்ணீர் வருகிறது, சூடு போகிறதா?

இங்கேதான் பலர் சோதனையை முடித்துவிடுகிறார்கள், தண்ணீர் பீய்ச்சுகிறது, பம்பு நல்ல பம்பு என்று. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஓட்டையில் வருவது பம்பு தள்ளுகிற தண்ணீரில் ஒரு சிறு பங்குதான். பல மோட்டார்களில் அது ஹெட்டைச் சுற்றி வந்த தண்ணீர்கூட இல்லை, வழியிலேயே பிரிந்து வருவது. உள்ளே சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதையில் பாதி உப்பேறி அடைத்திருந்தாலும் வெளியே அழகாகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும்.

அதனால் சூட்டைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஆன பிறகு சிலிண்டர் ஹெட்டின் மேல், பிளக்குக்குப் பக்கத்தில், வயர்களைத் தொடாமல் கையை வையுங்கள். சூடாக இருக்கும், ஆனால் கொஞ்ச நேரம் வைத்திருக்க முடிந்தால் சுமார் 50 டிகிரி செல்சியஸ். இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டியிருந்தால் 60ஐத் தாண்டுகிறது. தொட்ட உடனே சுடுகிறது என்றால் நிறுத்துங்கள். விரல் நுனியால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சொய்ங் என்று பொங்கினால் 100ஐ எட்டிவிட்டது, கேள்வியே வேண்டாம். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் மேல், கீழ் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மேல் சிலிண்டர் மட்டும் அதிகமாகச் சுட்டால் தண்ணீர் அதுவரை ஏறவில்லை என்று அர்த்தம்.

கை வைத்துப் பார்ப்பது போதாது என்றால் தூரத்திலிருந்து காட்டுகிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கிற நெற்றி தெர்மாமீட்டர் உதவாது, அது மனித உடம்பின் சூட்டை ஒட்டிய எண்களை மட்டும் காட்டும். தொழிற்கூடத்துக்கு என்று விற்கிறதைக் கேளுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் குறைத்துக் காட்டும், அதனால் ஹெட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு வட்டம் நிரப்பி அதன்மேல் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை, பேரலில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். சூடான தண்ணீரும் புகையும் அதற்குள்ளேயே திரும்பி விழுவதால் பத்து நிமிடத்தில் பேரலே வெந்நீர் ஆகிவிடும். அப்போது ஹெட்டு சூடாக இருப்பதைப் பார்த்து பம்பைக் குறை சொன்னால் அது நியாயமில்லை. தண்ணீரை மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

பல மோட்டார்களில் ஹெட்டுக்குப் பக்கத்தில் தெர்மோஸ்டாட் ஒன்று உண்டு, சின்ன மூடிக்குள் இருக்கும். மோட்டார் ஓரளவு சூடாகும் வரைக்கும் தண்ணீரை அடைத்து வைத்து அப்புறம் திறப்பது அதன் வேலை. பழைய ஜான்சன், எவின்ரூட்களில் பலவற்றுக்கு அது திறக்கிற சூடு 143 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 62 டிகிரி செல்சியஸ். கார்களில் 80க்கு மேல் வைக்கிறார்கள், இங்கே ஏன் இவ்வளவு குறைவு என்றால், கடல் தண்ணீர் அதற்கு மேல் சூடானால் அதிலிருக்கிற உப்புகள் உள்சுவரில் படிய ஆரம்பித்துவிடும். கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால் திறப்பது கண்ணுக்குத் தெரியும். திறக்கவில்லை என்றால் மாற்றுங்கள். கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது இங்கே நிறையப் பேருக்குப் பழக்கம், “நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மோட்டார் எப்போதும் குளிர்ந்தே இருந்தால் எரிபொருள் சரியாக எரியாது, பிளக் கரி பிடிக்கும், மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் என்றால் இன்னும் மோசம், சூடு இல்லாமல் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது.

பிரித்துப் பார்ப்பது

பேரல் சோதனையில் சந்தேகம் வந்தாலும் சரி, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாத மோட்டார் என்றாலும் சரி, பிரித்தே பார்த்துவிடுங்கள். முதல் காரியமாகப் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். கியர் பாக்ஸைக் காலோடு இணைக்கிற போல்ட்கள் நான்கு முதல் ஆறு இருக்கும். சில மாடல்களில் கியர் கம்பியின் இணைப்பு ஒன்று நடுவில் சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதைக் கழற்றாமல் இழுத்தால் கம்பி வளைந்துவிடும். உப்புத் தண்ணீரில் கிடந்த மோட்டாரில் போல்ட் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் வெள்ளை மாவு பூத்து ஒட்டியிருக்கும், தலை முறிந்துபோனால் பெரிய வேலை. துரு இளக்குகிற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள், அடுத்த நாள் சுற்றுப்புறத்தைச் சூடு காட்டி, இறுக்கு, தளர்த்து, இறுக்கு, தளர்த்து என்று முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள்.

கியர் பாக்ஸ் கையில் வந்துவிட்டால், பம்பைத் திறக்கும் முன் இன்னொரு சோதனை செய்துவிடலாம். வாளியில் தண்ணீர் நிரப்பி, பம்பு மூழ்கும்படி கியர் பாக்ஸை நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் மேல் நுனியில் பொருந்துகிற சாக்கெட்டைக் கை டிரில்லில் மாட்டி, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். அநேகமாக எல்லா மோட்டாரிலும் அதுதான் திசை, சந்தேகம் இருந்தால் மோட்டாரின் ஃபிளைவீல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது, இதழ்கள் மறுபக்கம் புரண்டு முறியும். பம்பின் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வர வேண்டும். அந்த வாயில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி இரண்டு மூன்று அடி தூக்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. அவ்வளவு உயரம் ஏறினால்தான் மோட்டாரில் அது ஹெட்டு வரை போய்ச் சேரும். வாயில் கட்டைவிரலை வைத்து அடைத்தால் விரலைத் தள்ளுகிற அழுத்தம் தெரிய வேண்டும். வாளியில் நன்றாக ஏறுகிறது, பேரலில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பம்புக்கு மேலே. குழாய், அதன் ரப்பர் வளையம், தெர்மோஸ்டாட், உள்பாதை.

இப்போது கிண்ணத்தைத் தூக்குங்கள். இம்பெல்லரைக் கையில் எடுத்து நேரம் ஒதுக்கிப் பாருங்கள். நல்ல இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் நேராக நிற்கும், விரலால் மடக்கி விட்டால் துள்ளித் திரும்பும். பழையதில் ஒரு பக்கத்து இதழ்கள் மடங்கியபடியே இருக்கும், எதிர்ப்பக்கத்தில் நிமிர்ந்திருக்கும், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற மோட்டார் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். இதழ் குடத்தோடு சேருகிற அடிப்பகுதியில் மடக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், முடி மாதிரி மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அந்த இதழ் அடுத்த முறை பிய்ந்துவிடும். நுனி கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இறுகியிருந்தால் யாரோ காய்ந்த நிலையில் ஓட்டியிருக்கிறார்கள். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று காணவில்லையா? அது எங்கேயும் போகவில்லை, தண்ணீரோடு மேலே ஏறிப் பாதையில் ஏதோ ஒரு முடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புது இம்பெல்லர் போட்டாலும் சூடு குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்து அங்கிருந்து கீழ்நோக்கிக் குழாய்த் தண்ணீர் விட்டுத் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும்.

கிண்ணத்தின் உள்சுவரையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் மணல் உள்ளே போயிருக்கிறது, அவற்றையும் மாற்றினால்தான் புது ரப்பருக்கு ஆயுள். கொள்ளிடம் வாயிலும் முத்துப்பேட்டைக் காயலிலும் ஓட்டுகிறவர்களுக்கு இது வராமல் இருக்காது. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்து சேர்க்கிற சேற்றில், இடுப்பளவுகூட ஆழம் இல்லாத இடத்தில், புரொப்பெல்லர் கிளப்பிவிட்டதைத்தான் பம்பு குடிக்கிறது. இப்படி ஓடுகிற மோட்டாருக்கு வருடம் ஒரு இம்பெல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு பிஸ்டனும் சிலிண்டரைக் கடைகிற போரிங் வேலையும் ஆகிற செலவில் பல இம்பெல்லர் வாங்கலாம்.

திரும்பப் பூட்டும்போது ரப்பரில் கிரீஸ் அப்ப வேண்டாம், பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின் தடவினால் போதும். கீ தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், கிண்ணத்தை மேலிருந்து அழுத்திக்கொண்டே ஷாஃப்ட்டைச் சுற்றும் திசையில் திருப்பினால் இதழ்கள் தானே ஒழுங்காக மடங்கி உள்ளே போகும். அப்புறம் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது, கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது தண்ணீர்க் குழாயின் நுனி பம்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக இறங்க வேண்டும். உள்ளே பார்க்க முடியாது, டார்ச் அடித்துக் கீழிருந்து வழிநடத்த ஒருவர், மேலே தூக்கிப் பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். புது பம்பு போட்டும் தண்ணீர் வரவில்லை என்று வருகிற மோட்டார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாய்தான், வளையத்துக்கு வெளியே நின்றுகொண்டு தண்ணீரைக் காலுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். பூட்டி முடித்ததும் திரும்பப் பேரலில் வைத்து ஹெட்டில் கை வைத்துப் பார்க்காமல் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இம்பெல்லர் வாங்கப் போகும்போது பழையதைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். மாடல் எண் தெரிந்தால் நல்லது, மாட்டும் கவ்வியின் பக்கத்தில் ஒரு தகட்டில் இருக்கும், அது உப்பில் அழிந்துபோயிருந்தால் ஜான்சன், எவின்ரூட்களில் பலவற்றில் மோட்டார் பிளாக்கில் காசு அளவுள்ள வட்ட அடைப்பு ஒன்றின்மேல் எண்ணைப் பொறித்திருப்பார்கள், துணியால் துடைத்துப் பாருங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் பழைய இம்பெல்லரின் வெளிவிட்டம், குடத்தின் ஓட்டை, உயரம், இதழ்களின் எண்ணிக்கை, கீ மாட்டுகிற வெட்டு எந்த வடிவம் என்று அளந்து எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் பொருத்தமானதைத் தேடித் தருவார். வெளிவிட்டத்தை அளக்கும்போது மடங்கிய இதழ்களை அளக்காதீர்கள், நிமிர்ந்து நிற்கிற இதழை வைத்து அளங்கள்.